வாடகை வீட்டில் ஓதமும் வீட்டுக்காரரின் தலையீடும்: குடியிருப்போர் அறிந்திருக்க வேண்டியவை

மழைக்காலம் முடியும் நேரத்தில் பள்ளிவாசலுக்கு மஸ்அலா கேட்க வருகிறவர்களில் சிலர் தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ கேட்பதில்லை. வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். சென்ற மழைக்குப் பிறகு ஒரு சகோதரர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். அந்தச் சகோதரிதான் பேசினார்.

"ஹஜ்ரத், சுவரெல்லாம் ஊறிப் போச்சு. புள்ளைக்கு ராத்திரி பூரா இருமல். ஓனர்கிட்ட சொன்னா அடுத்த மாசம் பார்க்கலாம்னு சொல்றார். ஆனா அவர்கிட்ட இருக்கிற சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே வர்றதுக்கு மட்டும் நேரம் இருக்கு. நான் தனியா இருக்கும்போதும் வர்றார். இந்த மாச வாடகையை நிறுத்தி வெச்சா தப்பா?"

அந்த வீட்டுக்காரரையும் எனக்குத் தெரியும். அவரும் நம் ஜமாஅத்காரர்தான். விசாரித்தபோது, "என் வீட்டுக்குள்ளே நான் போகக் கூடாதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். வாடகைக்கு விட்ட பிறகும் அந்த வீடு முழுக்கத் தன் கையில் இருப்பதாக நினைத்திருந்தார். வாடகையை நிறுத்தினால்தான் காரியம் நடக்கும் என்று அந்தச் சகோதரி நினைத்திருந்தார். இரண்டு பேர் நினைத்ததும் சரியில்லை. ஏன் என்பதை மார்க்கச் சட்டம், தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் உள்ள சட்டம் இரண்டையும் வைத்து இந்தக் கட்டுரையில் பார்ப்போம். ஓதத்தின் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, யார் சரிசெய்ய வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

வாடகை என்றால் என்ன?

ஃபிக்ஹில் வாடகை ஒப்பந்தத்துக்கு இஜாரா என்று பெயர். ஒரு பொருளின் பயனை, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட தொகைக்கு விற்பதுதான் இஜாரா. கட்டடம் உரிமையாளருடையது. அதில் குடியிருக்கும் பயன், ஒப்பந்தக் காலம் முடியும் வரை குடியிருப்பவருடையது. விற்ற பொருளை விற்றவர் எடுத்துப் புழங்க முடியாது. அதைப்போலவே விற்ற பயனிலும் உரிமையாளர் தம் விருப்பம்போல் தலையிட முடியாது.

ஷாஃபிஈ மத்ஹபின் முக்கிய நூலான இமாம் நவவீ அவர்களின் மின்ஹாஜில், வீட்டு வாடகை பற்றிய பகுதி சாவியிலிருந்தே தொடங்குகிறது. வீட்டின் சாவியைக் குடியிருப்பவரிடம் ஒப்படைப்பது உரிமையாளரின் கடமை என்று அங்கே சொல்லப்படுகிறது. அடுத்து மராமத்து வருகிறது. அது உரிமையாளரைச் சார்ந்தது. அவர் உடனே சரிசெய்து கொடுத்தால் ஒப்பந்தம் தொடரும். செய்யாவிட்டால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு வருகிறது. வீட்டைக் கூட்டித் துப்புரவாக வைத்திருப்பது குடியிருப்பவரின் வேலை.

ஹனஃபி மத்ஹபும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. வீட்டின் பயனைக் கெடுக்கும் பழுதுகளைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு. அவர் மறுத்தால் குடியிருப்பவர் வெளியேறலாம். இத்துடன் இரண்டு நிபந்தனைகளை ஹனஃபி அறிஞர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒன்று, வீட்டைப் பிடிக்கும்போதே பழுது தெரிந்து அதற்குச் சம்மதித்திருந்தால், பிறகு அதையே காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. இரண்டு, உரிமையாளரின் அனுமதி பெற்றுச் செய்த செலவை அவரிடம் கேட்டு வாங்கலாம். அனுமதி இல்லாமல் செய்தது அன்பளிப்பாகவே கருதப்படும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் மனத்தில் வைத்திருங்கள். இன்றைய வாடகைத் தகராறுகளில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றில்தான் சிக்கிக்கொள்கின்றன.

இன்னொரு விதியும் உண்டு. வாடகை வீடு குடியிருப்பவரின் கையில் அமானிதம். வரம்பு மீறியோ அலட்சியத்தாலோ சேதம் ஏற்படுத்தினால்தான் அவர் ஈடு கொடுக்க வேண்டும். மழையால் ஊறிய சுவருக்கு அவர் பொறுப்பாளி ஆகமாட்டார். ஆனால் சுவர் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே உரிமையாளரிடம் சொல்லாமல் ஆறு மாதம் இருந்துவிடுவது அமானிதம் பேணுகிறவருக்கு அழகல்ல.

ஓதத்தின் காரணம் எது?

"சுவர் ஊறுது, சரிசெய்யுங்க" என்று மட்டும் சொன்னால் உரிமையாளர் ஒரு பெயிண்டரைத்தான் அனுப்புவார். அடுத்த மழைக்குள் பெயிண்ட் உரிந்து விழும். ஓதம் நான்கு வழிகளில் வருகிறது. எது என்று கண்டுபிடித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, தரையிலிருந்து ஏறும் ஓதம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல்லும் சாந்தும் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கின்றன. பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை கறை தெரியும். வெள்ளையாக உப்பு பூக்கும், காரை பொடிப்பொடியாக உதிரும். நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் கடலோர ஊர்களில் இது அதிகம். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாத பழைய வீடுகளிலும் பார்க்கலாம். இதற்கு மேலே பெயிண்ட் அடித்துப் பயனில்லை. ஊறிய பூச்சைக் கொத்தி எடுத்து, ஈரத்தடுப்பு செய்து, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் புதிதாகப் பூச வேண்டும்.

இரண்டாவது, மழைநீர்க் கசிவு. மொட்டை மாடியின் தட்டோடு இணைப்பு விரிசல், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடம், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், சன்ஷேடு ஆகியவற்றின் வழியாக நீர் இறங்கும். கூரையிலும் சுவரின் மேல்பகுதியிலும் கறை தெரியும். மழை பெய்த அன்றோ மறுநாளோ அது பெரிதாகும். ஐப்பசி, கார்த்திகையில் படுத்தி எடுத்துவிட்டுப் பங்குனியில் காய்ந்துவிடுவதால், எல்லோரும் மறந்துபோகிறார்கள். சரிசெய்ய ஏற்ற காலம் அந்தக் காய்ந்த மாதங்கள்தான்.

மூன்றாவது, குழாய்க் கசிவு. சுவருக்குள் போகும் குழாயோ மேல்மாடிக் குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ கசிவதால் வருவது. மழை இல்லாத நாளிலும் ஈரம் குறையாது என்பதுதான் இதன் அடையாளம். மேல்வீட்டாரிடம் சொல்லி அந்தக் குளியலறையை இரண்டு நாள் புழங்காமல் இருந்து பாருங்கள். ஈரம் குறைந்தால் காரணம் தெரிந்துவிடும்.

நான்காவது, வீட்டுக்குள்ளேயே உண்டாகும் ஈரம். சமையல் ஆவி, வெந்நீர்க் குளியல், அறைக்குள் காயும் துணிகள், அடைத்தே கிடக்கும் ஜன்னல்கள் இவற்றால் காற்றில் சேரும் ஈரம் குளிர்ந்த சுவரில் படியும். மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். உப்பு பூக்காது.

சந்தேகம் இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. உணவு சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டி, சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர்த்துளி இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரைத் தொட்டிருந்த உள்பக்கம் ஈரமாக இருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறது.

இந்த நான்காவது வகையில் குடியிருப்பவரின் பங்கும் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் பர்தாவுக்காக ஜன்னல்களை நாள் முழுதும் மூடியே வைக்கும் பழக்கம் உண்டு. ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். மறைவும் கிடைக்கும், காற்றும் வரும். சமைக்கும்போது காற்றுப்போக்கி விசிறியை ஓடவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் அளவு தள்ளி வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஈரம் நின்றால், குளியலறைக்கும் சமையலறைக்கும் காற்றுப்போக்கி வைத்துத் தரும்படி உரிமையாளரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

உடல்நலத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்

வீட்டு ஓதம், பூஞ்சை பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஈரமான வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா, சுவாசத் தொற்றுகள் அதிகம் காணப்படுவதை அது எடுத்துக்காட்டியது. சிறு குழந்தைகள், முதியவர்கள், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு வெளிநாட்டுச் செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் சூடானிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் அவாப் இஸ்ஹாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சையில் நீண்ட காலம் இருந்ததால் வந்த கடும் சுவாசப் பாதிப்பே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்தக் குழந்தையின் தந்தை 2017-லேயே பூஞ்சையைப் பற்றிச் சொல்லியிருந்தார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளும்படி அவருக்குப் பதில் கிடைத்தது. அதன் பிறகு அந்நாட்டில், சமூக வாடகை வீடுகளில் ஓதத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற விதி வந்தது. 2025 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள அதற்கு அவாப் சட்டம் என்றே பெயர். அந்தச் சட்டம் நம் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் "பெயிண்ட் அடிச்சுக்குங்க" என்ற பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதை முடிவான பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பூஞ்சையைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள், அதன் தூள் காற்றில் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிளீச்சிங் கரைசல் பயன்படுத்தினால், கழிவறை கழுவும் ஆசிட்டை அதோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு உண்டாகும். குழந்தைகள் அந்த நேரம் அறையில் இருக்க வேண்டாம். ஈரச் சுவரில் சுவிட்ச் இருந்து, தொட்டால் லேசாக அதிர்ச்சி அடித்தால், உடனே அந்த இணைப்பை மெயினில் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அதை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள்.

தமிழ்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நமக்கு வேண்டிய பகுதிகள் இவை.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இதற்கு அரசின் இணையதளம் உண்டு. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதே வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகலாம். "நம்ம ஆளுங்கதானே, எழுத்து எதுக்கு" என்று இருந்துவிடாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி நம் மார்க்கமே வலியுறுத்துகிறது.

முன்பணம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த பிறகு, நியாயமான கழிவு போக ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

மராமத்தை யார் செய்வது என்பதைச் சட்டம் பட்டியலாகவே தருகிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள், சுண்ணாம்பு அடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம், குழாய்களை மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளருடையவை. குழாய் வாஷர் மாற்றுதல், சாக்கடை அடைப்பு எடுத்தல், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவருடையவை. குடியிருப்பவரே உண்டாக்கிய சேதத்தை அவரே ஏற்க வேண்டும். எனவே, மேலே சொன்ன முதல் மூன்று வகை ஓதமும் உரிமையாளரின் பொறுப்பில் வருகின்றன. மின்ஹாஜில் படித்த பிரிவினைக்கும் இந்தப் பட்டியலுக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்து நான் வியந்ததுண்டு.

உரிமையாளர் தம் பங்கு மராமத்தைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்துகொண்டு அந்தச் செலவை வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. இதை வைத்து வாடகையையே நிறுத்திவிடாதீர்கள். முதலில் எழுத்தில் கேட்டு, மறுப்போ மௌனமோ உறுதியான பிறகு, வேலைக்கு மதிப்பீடு வாங்கி அனுப்பி, ரசீதோடு செய்து, எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் போகாதபடி பிரித்துக் கழியுங்கள். குடியிருக்கவே முடியாத நிலையில் வீடு இருந்து, எழுத்தில் கேட்டும் உரிமையாளர் சரிசெய்யாவிட்டால், 15 நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்துவிட்டு வெளியேறலாம்.

வீட்டுக்காரர் உள்ளே வருவது

உரிமையாளருக்கு வீட்டைப் பார்க்கும் உரிமை உண்டு. மராமத்துக்காகவும் வீட்டின் நிலையைப் பார்ப்பதற்காகவும் அவர் வரலாம். ஆனால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் வர வேண்டும். என்ன காரணம், எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல வேண்டும். குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டும் அவசரத்தில் யாரும் 24 மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. அது வேறு.

மார்க்கத்தில் இது இன்னும் அழுத்தமாக இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல், ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்பது சூரத்துந் நூரின் 27-ஆம் வசனத்தின் கட்டளை. திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அடுத்த வசனம் சொல்கிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிவழி. இங்கே வீடு என்பது கட்டடத்தின் சொந்தக்காரரை வைத்து முடிவாவதில்லை, அதில் குடியிருப்பவரை வைத்து முடிவாகிறது. "என் வீட்டுக்குள்ளே நான் போகக் கூடாதா" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். வாடகைக் காலம் முடியும் வரை, அனுமதி கேட்கும் விஷயத்தில் அது உங்களுக்கு அடுத்தவர் வீடு. பெண் தனியாக இருக்கும் நேரத்தில் ஓர் அந்நிய ஆண் சாவி போட்டுத் திறந்து நுழைவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, மாடிப்படி விளக்கை அணைப்பது, துப்புரவு வசதியைத் தடுப்பது இவற்றையும் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. இவற்றுக்கு வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு வாடகை நீதிமன்றத்திலிருந்துதான் வர வேண்டும். பூட்டை மாற்றுவதோ, சாமானை வெளியே வைப்பதோ முறையல்ல.

அதே சமயம், குடியிருப்பவருக்கும் வரம்பு உண்டு. அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, சுவரை இடிப்பது, முறைப்படி அறிவித்து வருகிறவரைத் தடுப்பது, வாடகையைத் தள்ளிப்போடுவது எல்லாம் தவறுதான். ஓதத்தைப் பார்க்க உரிமையாளர் கொத்தனாரை அழைத்துவரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டு, பிறகு "ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லக் கூடாது. வீட்டில் ஆண்கள் இருக்கும் நேரத்தைச் சொல்லி வரச் சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது?

முதலில் நேரில், தன்மையாகச் சொல்லுங்கள். ஓதம் அவருடைய சொத்தையும் கெடுக்கிறது என்பதைச் சொல்லுங்கள். ஈரம் காங்கிரீட்டுக்குள் போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு பருத்துக் காங்கிரீட்டைப் பெயர்த்துவிடும். இன்று சில ஆயிரத்தில் முடியும் வேலை பிறகு பெரிய செலவில் போய் நிற்கும். நிறைய உரிமையாளர்கள் இதைக் கேட்டதும் இறங்கி வருவார்கள்.

அன்றே எழுத்திலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும். ஆனால் தேதி தெரியும் படங்கள் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய். நாம் நேற்றுப் பேசியபடி, படுக்கையறையின் வடக்குச் சுவரில் கூரையிலிருந்து ஈரம் இறங்குகிறது. மழை பெய்த மறுநாள் அதிகமாகிறது. மொட்டை மாடியில் அந்த இடத்துக்கு நேர் மேலே தட்டோடு இணைப்பு விட்டிருக்கிறது. படங்கள் அனுப்பியுள்ளேன். குழந்தைக்கு இருமல் இருப்பதால் 15 நாளுக்குள் சரிசெய்து தரக் கேட்டுக்கொள்கிறேன். கொத்தனாரை அழைத்துவரும் நாளை ஒரு நாள் முன்னால் சொன்னால் நான் வீட்டில் இருப்பேன். உங்களிடம் உள்ள மாற்றுச் சாவியைத் தந்துவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. எங்கே, எப்போது, ஏன், எத்தனை நாளில் என்பது மட்டும் இருக்கிறது. பதில் வராவிட்டால் இதையே கடிதமாக எழுதி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வாடகையைத் தேதியில் வங்கி வழியாகச் செலுத்துங்கள். கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள், அது உங்கள் உரிமை. உரிமையாளர் கோபத்தில் வாடகையை வாங்க மறுத்தால், வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. குழந்தையை டாக்டரிடம் காட்டிய சீட்டு இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது ஜமாஅத். உரிமையாளரும் நம்மவர் என்றால், இருவரும் மதிக்கும் இரண்டு பேரை வைத்துப் பேசுங்கள். முடிவை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். என்ன வேலை, யார் செலவு, எந்தத் தேதிக்குள் என்று அதில் இருக்க வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் பள்ளிக்கு நன்கொடை தருகிறவராக இருக்கலாம். குடியிருப்பவர் நேற்று வந்தவராக இருக்கலாம். பஞ்சாயத்தில் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு வரக் கூடாது.

வீடு வக்ஃபுக்குச் சொந்தமானது என்றால் குத்தகைக்குத் தனி விதிகள் உண்டு. அங்கே முதலில் முத்தவல்லியிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

பேச்சு பலிக்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் போங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அந்தப் பொறுப்பில் இருப்பார். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். அதன் தொலைபேசி உதவி எண் 15100. வீட்டுக்காரரின் நடத்தையால் பெண்ணுக்கு அச்சம் ஏற்பட்டால் அது மராமத்துப் பிரச்சினை அல்ல. 181 என்ற மகளிர் உதவி எண்ணையோ காவல் நிலையத்தையோ தயங்காமல் அணுகுங்கள்.

வீடு பிடிக்கும் முன்

நம்மவர்களுக்கு எல்லாத் தெருவிலும் வீடு எளிதாகக் கிடைப்பதில்லை. கிடைத்த வீட்டை விட்டுவிடக் கூடாது என்ற அவசரத்தில் சுவரைக்கூடப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கிறோம். பிறகு, வேறு வீடு கிடைக்காதே என்ற பயத்தில் வாய் திறக்காமல் இருக்கிறோம். தெரிந்தே சம்மதித்த பழுதை வைத்து முறிக்க முடியாது என்ற ஹனஃபி விதியை இங்கே நினைத்துப் பாருங்கள்.

முடிந்தால் மழை பெய்த மறுநாள் வீட்டைப் பாருங்கள். புதுப் பெயிண்ட் ஒரே ஒரு சுவரில் மட்டும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். தரையோரத்தைக் கையால் தட்டிப் பாருங்கள், காரை விட்டிருந்தால் வெற்றுச் சத்தம் வரும். அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். பழுது இருந்து, வீடும் வேண்டுமென்றால், எந்தத் தேதிக்குள் சரிசெய்து தருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எத்தனை சாவிகள் இருக்கின்றன, எத்தனை உங்களிடம் தரப்பட்டன என்பதையும் எழுதுங்கள். குடிபோகும் அன்று எல்லா அறைகளையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வையுங்கள். காலி செய்யும்போது "சுவரைக் கெடுத்துட்டீங்க" என்று முன்பணத்தில் கை வைக்க அப்போது இடம் இருக்காது.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னது இதுதான். வாடகையை நிறுத்தாதீர்கள், அது கடன். நிறுத்தினால் நியாயம் உங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் போய்விடும். கேட்க வேண்டியதை எழுதிக் கேளுங்கள். அவருடைய கணவர் மேலே உள்ளதுபோல ஒரு செய்தி அனுப்பினார். பதினைந்து நாள் தவணை முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். மாற்றுச் சாவி அன்றே வந்துவிட்டது. மாடி வேலை தை மாதத்தில்தான் நடந்தது. அதுவரை அந்த அறையைப் பூட்டிவிட்டுக் கூடத்தில் படுத்தார்கள். பாதிச் செலவை வாடகையில் இருந்து கழித்துக்கொள்ள வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார், மீதியை அவரே கொடுத்தார். இப்போதும் அவர்கள் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் வருவதற்கு முன் போன் செய்கிறார்.

வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே உங்கள் வீட்டில் குடியிருப்பவருக்கு ஒரு போன் போட்டு, "மழைக்கு எங்கேயாவது ஒழுகுதா?" என்று கேளுங்கள். உங்களிடம் மாற்றுச் சாவி இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய வீடுகளிலும் நிம்மதியையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.